அயனி, எலக்ட்ரான், லேசர்: நுண்பொருள்களைச் செதுக்க மூன்று கற்றைகள் எதற்கு?

தலைமுடியின் தடிமனைவிடச் சிறிய வடிவங்களைச் செதுக்க உளி உதவாது. அயனிகளையோ (மின்னூட்டம் பெற்ற அணுக்கள்) எலக்ட்ரான்களையோ லேசர் ஒளியையோ ஒரு புள்ளியில் குவித்துச் செலுத்தித்தான் வெட்டுகிறார்கள், வரைகிறார்கள். ஆய்வுக்கூடங்களில் இதற்குக் குவிகற்றைக் கருவிகள் இருக்கின்றன.

ஒன்றே போதாதா என்றால், போதாது. மூன்றும் பொருளை வெவ்வேறு விதமாகத் தாக்குகின்றன. மணல் குவியலில் காகித உருண்டையை எறிந்தால் ஒன்றும் ஆகாது. கல்லை எறிந்தால் மணல் தெறிக்கும். அயனி அந்தக் கல். பெரும்பாலும் பயன்படுவது காலியம் என்ற உலோகத்தின் அயனி; அது எலக்ட்ரானைவிடச் சுமார் 1,27,000 மடங்கு கனமானது. அது மோதினால் பரப்பிலுள்ள அணுக்கள் பெயர்ந்து பறக்கும். காலியத்தைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு: அது சுமார் 30 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். ஊசிமுனையில் திரவமாகப் படரவிட்டு, மின்புலத்தால் அயனிகளை இழுத்தெடுக்கலாம். கெட்டிக்கார ஏற்பாடுதான்! ஆனால் கொஞ்சம் காலியம் பொருளுக்குள்ளேயே தங்கிவிடும், அது தொல்லை.

எலக்ட்ரானுக்கு அப்படிப் பெயர்க்கும் வலு இல்லை. பொருளின்மேல் பூசிய பாலிமர் படலத்தில் நுண்ணிய வடிவம் வரைய அதுவே சிறந்தது. லேசர் வேகமானது, வெற்றிடமும் கேட்காது; ஆனால் ஒளிப்புள்ளியைப் பொதுவாக அரை அலைநீளத்துக்குக் கீழே குறுக்க முடியாது.

அயனிக் கற்றை பொருளை எரித்து வெட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை, மோதலில் அணுக்கள் உதிர்கின்றன. சூட்டால் உருக்கி ஆவியாக்குவது பெரும்பாலும் லேசரின் வேலை.