மோட்டார் முனகுது, சுத்த மாட்டேங்குது: கேள்வி பதில்

உட்லண்ட்ஸ், உயர்நிலை 3: அண்ணே, ஆர்டுயினோ ஊனோ போர்டுல, வேகத்துக்கு 0 முதல் 255 வரை எண் கொடுக்கிற அனலாக்ரைட் கட்டளையில 100 கொடுத்தா மோட்டார் முனகுது, சுத்தல. 180 தாண்டினாதான் கிளம்புது. போர்டு பழுதா?

இல்ல தம்பி. போர்டு மின்சாரத்தை விட்டு விட்டு, துடிப்பு துடிப்பாத்தான் கொடுக்கும். 255க்கு 100ன்னா ஒவ்வொரு துடிப்பிலும் 39 விழுக்காட்டு நேரம்தான் மின்சாரம் போகுது. போர்டுக்கும் மோட்டாருக்கும் நடுவுல இருக்கிற உன் எல்298என் டிரைவர் பழைய டிரான்சிஸ்டர் வகை. 1 ஆம்பியர் ஓடினாலே 2 வோல்ட்டுக்கு மேல விழுங்கிச் சூடாகிடும். 6 வோல்ட் பேட்டரியில 4கூட மிஞ்சாது. நிக்கிற சக்கரத்தை அசைக்க அது பத்தாது. முதல்ல 255ஐ ஒரு 50 மில்லிவினாடி கொடுத்து உந்திவிட்டு, பிறகு 100க்கு இறக்கு. டிபி6612ங்கிற புது வகை டிரைவர் போட்டா இழப்பு ரொம்பக் குறைவு, ஆனா ஒரு மோட்டாருக்கு 1.2 ஆம்பியர்தான் தாங்கும். பேட்டரி, டிரைவர், ஊனோ எல்லாத்தோட கிரவுண்டை (மைனஸ் முனையை) ஒண்ணா இணைச்சியா?

பொங்கோல்: திசை மாற வயரைக் கழட்டி மாட்டணுமா?

வேணாம்க்கா. டிரைவர்ல ஐஎன்1 பின் ஹை (மின்சாரம் உண்டு), ஐஎன்2 பின் லோ (இல்ல): ஒரு பக்கம். ரெண்டையும் மாத்திப் போட்டா மறுபக்கம். வேகத்துக்கு இஎன்ஏ பின், அதுல மாட்டியிருக்கிற குட்டி இணைப்பு மூடியை (ஜம்பர்) பிடுங்கிட்டுத்தான் துடிப்பைக் கொடுக்கணும். முழு வேகத்துல ஓடும்போது திருப்பாதீங்க, நிறுத்திட்டுத் திருப்புங்க. கிரவுண்ட்!

தெம்பனிஸ்: ஊனோவோட 9, 10 பின்ல துடிப்பை நடத்துற டைமரை மாத்தி வினாடிக்கு 31,000 துடிப்பு (31 கிலோஹெர்ட்ஸ்) ஆக்கினா முனகலே இருக்காது. ஏன் சொல்லல?

முனகல் போகும். ஊனோவில அந்தப் பின்கள் வழக்கமா 490 ஹெர்ட்ஸ், அதான் காதுல விழுது. ஆனா எல்298க்குத் தரவுத்தாளில உச்சம் 40, வழக்கம் 25 கிலோஹெர்ட்ஸ். 31ல இன்னும் சூடாகும். அதோட, சர்வோ மோட்டாரை ஓட்டுற நிரல் தொகுப்பை (சர்வோ நூலகம்) சேர்த்தா 9, 10ல துடிப்பே வராது.

ஈசூன்: அதிர்வெண் குறைஞ்சாதான் மெதுவா நல்லா சுத்துது. நானே செஞ்சு பார்த்தேன்.

தெம்பனிஸ்: கதை!

கதை இல்ல. துடிப்பு நீளமா இருந்தா மோட்டாரோட கம்பிச்சுருள்ல மின்னோட்டம் உச்சிவரை ஏறி, சக்கரத்தை உதைச்சு உதைச்சுத் தள்ளும். ஒட்டிக்கிட்டிருக்கிற உராய்வு விடும். வேகமான துடிப்புல அது சராசரியாகி மழுங்கிடும். ஈசூன் சொல்றது சரி. தெம்பனிஸ் காதும் சரி.

பிடோக்: 9 வோல்ட் பெட்டி பேட்டரி போதுமா?

இதைக் கேக்கிற மூணாவது ஆள் நீங்க. போதாது.

ஹௌகாங்: கூரை விசிறியை இதே மாதிரி...

230 வோல்ட். கை வைக்காதீங்க.

தோ பாயோ: எங்க வாங்கறது?

சிம் லிம் டவர். ஸ்குவேர் இல்ல, டவர்.

கிளமெண்டி: பேட்டரி தனி, ஊனோ தனி. மோட்டார் தன்பாட்டுக்குத் துள்ளுது.

கிரவுண்ட். கிரவுண்ட். கிரவுண்ட்.

கிளமெண்டி: இணைச்சேன், சுத்துது! ஆனா பின்பக்கமா.

பொங்கோல் அக்காவுக்குச் சொன்னதைப் படிங்க.