பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பலாமா? ஓய்வு பெற்ற பி.ரி. சேரிடம் கேள்வி பதில்

களுவாஞ்சிகுடி, ஒரு தாய்: மகன் நாலாம் ஆண்டு, அடுத்த வருசம் புலமைப்பரிசில். பின்னேரம் பயிற்சிக்கு விட்டால் படிப்புக் கெடாதா சேர்?

கெடாது தங்கச்சி. 5 முதல் 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளி விட்டு ரியூசன், ரியூசன் விட்டு வீட்டுப்பாடம் என்றிருக்கும் பிள்ளைக்கு அந்த 60 நிமிடம் எங்கிருந்து வரும்? முற்றத்தில் விளையாடுவதும் நல்லதுதான், ஆனால் ஒழுங்கான பயிற்சியில் அதே நேரம், அதே கூட்டாளிகள், பிள்ளையைக் கவனித்துப் பார்க்கிற அதே பயிற்றுநர் என்று ஒரு பிடிப்பு இருக்கிறது. தோற்ற பிறகு எதிரணிக்குக் கை கொடுக்கவும், தன்னை வெளியே இருத்தினாலும் உள்ளே ஆடுபவனுக்குக் கை தட்டவும் அங்கேதான் பழகுவான். புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய அமெரிக்க யேசு சபைத் துறவி வெபர் அடிகளாரின் பெயரை மட்டக்களப்பு மைதானத்துக்கு வைத்திருக்கிறார்கள், ஒரு பயிற்றுநர் ஊரோடு நிலைத்து நின்றால் அவ்வளவு மதிப்பு.

காத்தான்குடி: 12 வயது மகளுக்கு நெட்போல் ஆசை. வாப்பா விடமாட்டேன் என்கிறார்.

எலும்பு உறுதி பெறுவதில் பெரும்பங்கு பருவ வயதில்தான் நடக்கிறது, குதித்து ஓடும் விளையாட்டு அதற்கு உதவும் என்று அவரிடம் சொல்லுங்கள். உடைதான் தடையென்றால், கூடைப்பந்தில் சர்வதேசச் சம்மேளனமே 2017 இல் தலைமறைப்பை அனுமதித்துவிட்டது. அவரையும் ஒரு நாள் பயிற்சி பார்க்கக் கூட்டிப் போங்கள்.

அக்கரைப்பற்று: இல்ல விளையாட்டுப் போட்டியில் மரதன் ஓட மகன் பெயர் கொடுத்திருக்கிறான். பயிற்சி இல்லை, போட்டிக்கு ஒரு கிழமைதான் இருக்கு.

விடாதீர்கள். விளையாட்டு வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்துகிற நானே இதைச் சொல்கிறேன். வெயிலில் கடுமையாக ஓட உடல் பழகுவதற்கே 10 முதல் 14 நாள் வேண்டும், மெல்ல மெல்லக் கூட்டிக் கூட்டித்தான் பழக்க வேண்டும். வருசம் முழுக்கக் கிரவுண்டை மிதிக்காத பிள்ளையைத் தார் றோட்டில் கிலோமீற்றர் கணக்கில் ஓட விடுவதை விளையாட்டு என்று நான் சொல்லமாட்டேன். ஓடுகிற பிள்ளை தள்ளாடினால், பேச்சுக் குழறினால் உடனே நிழலுக்குத் தூக்கி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக் குளிர வையுங்கள். வாகனத்துக்குச் சொல்லிவிட்டு அது வரும்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள், நினைவு தெளியாத பிள்ளைக்கு வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்.

திருக்கோவில், ஓர் ஆசிரியர்: நாங்களும் அப்படி ஓடித்தானே வளர்ந்தோம்? இப்ப எல்லாத்துக்கும் பயம் காட்டுறீங்க.

தம்பி, நாம் தப்பியதால் அது பாதுகாப்பு ஆகாது. அந்த நாளில் பள்ளிக்கு நடந்தே போனோம், வயலில் நின்றோம், உடல் பழகியிருந்தது.

அதே ஆசிரியர்: அப்ப மரதனையே நிறுத்தச் சொல்றீங்களா?

இல்லை. தவணை தொடங்கும்போதே பயிற்சியையும் தொடங்குங்கள். விடியற்காலையில் வையுங்கள், வழி நெடுகத் தண்ணீர் வையுங்கள், ஆள் நிறுத்துங்கள், முன்பு மயங்கி விழுந்த பிள்ளை, நெஞ்சு நோகிற பிள்ளை யாரென்று பெற்றோரிடம் கேட்டு மருத்துவரிடம் அனுப்புங்கள். இதைச் செய்தால் முதல் ஆளாக வந்து நான் கொடி அசைக்கிறேன்.

வாழைச்சேனை: எந்த விளையாட்டு உயரம் கூட்டும்?

ஒன்றுமில்லை. உயரம் பெரும்பாலும் பரம்பரை.

கல்முனை: கூடைப்பந்து ஆடினால் வளருவானா சேர்?

மேலே சொல்லிவிட்டேன்.

சம்மாந்துறை: 11 வயது மகனுக்குக் குதிக்கால் நோவு. தினமும் கிரிக்கெட்.

வளரும் வயதில் அதிகம் ஓடினால் வருவதுதான். ஓய்வு கொடுங்கள், நொண்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள். கிழமைக்கு ஒரு நாளாவது பயிற்சியே வேண்டாம். இந்த வயதில் ஒரே விளையாட்டில் கட்டிப் போடாமல் நீச்சலோ எல்லேயோ பழக விடுங்கள்.

ஏறாவூர்: நல்ல கோச் யார்?

பெயர் சொல்லமாட்டேன். மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள், தோற்ற பிள்ளையோடு அவர் எப்படிப் பேசுகிறார் என்று.

ஆரையம்பதி: மகள் நாளைக்கு மரதன் ஓடப்போறா, குளுக்கோஸ் கொடுத்தால் போதுமா?

போதாது. பயிற்சி எடுத்தாளா? இல்லையென்றால் இன்றைக்கே வகுப்பாசிரியரிடம் சொல்லிப் பெயரை வெட்டச் சொல்லுங்கள்.