கன்னம் வற்ற வழி கேட்ட அம்மாவுக்கு

கேள்வி: என் மகளுக்கு 21 வயது. நன்றாகத்தான் சாப்பிடுகிறாள். சில ராத்திரி, மறுநாளைக்கு வைத்த மாவுகூடத் தோசையாகிவிடும். எடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் ஆறு மாதமாகத் தாடையோரம் உப்பி, முகம் வீங்கினாற்போல இருக்கிறது. தைராய்டு பார்த்தோம், நார்மல். ஆவணியில் பெண் பார்க்க வருகிறார்கள். கன்னம் வற்ற ஏதாவது வழி சொல்லுங்கள். பொறுப்பும் போதவில்லை. சாப்பிட்டதும் குளியலறைக்குள் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டுக் கால் மணி நேரம் நிற்கிறாள். தினமும் இரண்டு தடவை மோட்டார் போட வேண்டியிருக்கிறது.
பெயர் வெளியிட விரும்பாத தாய், மதுரை

பதில்: கன்னம் கிடக்கட்டும். அந்தக் குழாய்க்கு வருவோம்.

கடிதத்தின் கடைசியில், தண்ணீர் வீணாகிற கணக்கில் அதை எழுதியிருக்கிறீர்கள். சாப்பிட்ட கையோடு, தினமும், கால் மணி நேரம். குளிக்கிறாளா? துணி துவைக்கிறாளா? பின்னே எதற்கு ஓடுகிறது அந்தத் தண்ணீர்? உள்ளே வருகிற ஒரு சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்றுதான். யாருக்கு? உங்களுக்கு. எனக்கு வருகிற கடிதங்களில் இந்தக் குழாய் பல தடவை ஓடிவிட்டது. ஒரு வீட்டில் மட்டும் குழாய்க்குப் பதில் செல்போன் பாட்டு.

உங்கள் மகள் சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறாள் என்று நினைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, உறுதி செய்ய வேண்டியது அவர்கள். ஆனால் நீங்கள் எழுதியது அத்தனையும் புலிமியா என்ற நோயைத்தான் காட்டுகிறது. அடக்க முடியாமல் அளவுக்கு மீறிச் சாப்பிடுவது, பிறகு எடை ஏறிவிடுமோ என்று பயந்து வாந்தி எடுப்பது, அல்லது பேதி மாத்திரை, பட்டினி. வாரம் ஒரு தடவையாவது, மூன்று மாதம் இப்படி நடந்தால் புலிமியா என்பார்கள். எலும்பும் தோலுமாகிப் போவது அனரெக்ஸியா என்ற வேறு நோய். புலிமியாவில் எடை பெரும்பாலும் சாதாரணமாகவே இருப்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது.

அந்தக் கன்னம் சதையாக இருக்காது. அடிக்கடி வாந்தி எடுத்தால் காதுக்குக் கீழே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கும். முன்பல்லின் உள்பக்கம் அமிலத்தில் அரிக்கும். 1979இல் இந்த நோயை முதலில் விவரித்து எழுதிய லண்டன் மருத்துவர் ஜெரால்ட் ரஸ்ஸல் இன்னொன்றும் கவனித்தார்: தொண்டைக்குள் விரலை விடும்போது பல் பட்டுப் பட்டு விரல் முட்டியில் காய்ப்பு. எல்லோருக்கும் வராது. அவள் கையைக் கடைசியாக எப்போது பிடித்துப் பார்த்தீர்கள்?

மோட்டார் எத்தனை தடவை ஓடியது என்று எண்ணியிருக்கிறீர்கள். கதவைத் தட்டி, "என்னம்மா, உடம்புக்கு என்ன பண்ணுது?" என்று ஒரு தடவை கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. அவள் அப்பாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆவணி வேண்டாம். ஜாதகத்தை எடுத்து உள்ளே வையுங்கள். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று சொல்ல வீட்டுக்கு ஒரு பெரியம்மா இருப்பார். என்ன ஆகும் தெரியுமா? இன்னொரு வீட்டுக் குழாய் ஓடும். பெண்ணின் நோயை மூடி வைத்துக் கட்டிக்கொடுப்பது பெற்றவர்கள் செய்கிற காரியமா? அவளுக்கும் துரோகம், வரப்போகிறவனுக்கும் துரோகம்.

இந்த வாரமே பொது மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்க வேண்டும், ஈசிஜி எடுக்க வேண்டும். வாந்தியால் பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பு தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம். மயக்கம், படபடப்பு, வாந்தியில் ரத்தம், இதில் எது வந்தாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. அப்புறம் மனநல மருத்துவர். சாப்பாட்டையும் உடம்பையும் பற்றிய எண்ணங்களை மாற்ற சிபிடி என்ற பேச்சு சிகிச்சை உண்டு. சுமார் 20 அமர்வுகள் ஆகும். சிலருக்கு ஃப்ளூவாக்ஸெடின் மாத்திரையும் தருவார்கள். மனச்சோர்வுக்குத் தொடங்கும் அளவைவிட இதற்கு அளவு அதிகம், ஆகவே யாருடைய பழைய சீட்டையும் காட்டிக் கடையில் வாங்காதீர்கள்.

வீட்டில் கதவைப் பூட்டுவது, குழாயை அடைப்பது எல்லாம் வேண்டாம். ஒளிய வேறு இடம் தேடுவாள். பகலில் பட்டினி கிடந்தால் ராத்திரி மாவு காலியாகத்தான் செய்யும், அதனால் மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பாடு. சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் அப்பாவோ நீங்களோ கூட உட்கார்ந்து எதையாவது பேசுங்கள். எடை, கன்னம், மாப்பிள்ளை, இந்த மூன்றைத் தவிர. வாந்தி எடுத்துவிட்டால் உடனே பல் தேய்க்க வேண்டாம், தண்ணீரில் கொப்பளித்தால் போதும்.

வர மாட்டேன் என்று முரண்டு பிடித்தால், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் நீங்களே முதலில் பேசுங்கள், காசு கிடையாது. டாக்டர் "என்ன பிரச்சினை?" என்று கேட்கும்போது மட்டும் கன்னத்தில் ஆரம்பிக்காதீர்கள்.