நெடுந்தூரச் சைக்கிள் பயணத்தின் கடைசி 30 கி.மீ.யில் கால் ஓய்ந்துபோகிறது, என்ன செய்வது?

பெரும்பாலும் காரணம் பசிதான். தசையில் சேர்ந்திருக்கும் சர்க்கரை தீர்ந்துபோகிறது. பசிக்கும்வரை காத்திருக்காமல், மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு பெரிய வாழைப்பழத்தில் ஏறக்குறைய 30 கிராம் இருக்கும்.

சென்னையிலிருந்து கன்னியாகுமரி போனபோது பணகுடி தாண்டியதும் எனக்கும் இதே நிலைதான். ஆடிக் காற்று பக்கவாட்டில் தள்ளியது. ஹேண்டில்பாரைப் பிடித்த கை நடுங்கியது. பெட்டிக்கடை ஓரம் உட்கார்ந்து இரண்டு கடலைமிட்டாய் தின்று, உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு குடித்தேன். இருபது நிமிடத்தில் தெம்பு வந்தது. அப்புறம் கியரைக் குறைத்து, அடுத்த மைல்கல் வரைக்கும் போனால் போதும் என்று மிதித்தேன். அந்தக் கணக்குதான் என்னைக் கடல்வரை கொண்டுசேர்த்தது.

தலை சுற்றினாலோ சைக்கிள் நேராகப் போகாமல் தள்ளாடினாலோ மட்டும் பிடிவாதம் வேண்டாம், இறங்கிவிடுங்கள். லாரிகள் ஓடும் சாலை அது.