ஆறாயிரம் பேர் படிக்கும் பள்ளி: கேள்வி–பதில்

கேள்வி: கணவருக்கு நியூயார்க்கில் வேலை. மகன் ஏழாம் வகுப்பு. புரூக்ளின் டெக்னிக்கல் உயர்நிலைப் பள்ளியில் இடம் வாங்க நன்கொடை எவ்வளவு?

பதில்: ஒரு காசு வேண்டாம். அது அரசுப் பள்ளி, சிபாரிசும் செல்லாது. ஸ்டைவசண்ட், பிராங்க்ஸ் சயின்ஸ், புரூக்ளின் டெக் மூன்றிலும் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை மட்டும் பார்த்தே இடம் தரவேண்டும் என்று 1971-ல் மாநிலச் சட்டமே வந்துவிட்டது. எஸ்எச்எஸ்ஏடி எனப்படும் அந்தத் தேர்வில் இப்போது எட்டுப் பள்ளிகள் சேர்ந்திருக்கின்றன. நகரத்தில் குடியிருக்கும் பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் எழுதி, ஒன்பதில் சேர்வார்கள். பதிவு அக்டோபரில், மைஸ்கூல்ஸ் என்ற நகரப் பள்ளிச் சேர்க்கை இணையதளத்தில். தவறவிட்டால் அந்த வருடம் போனதுதான். மற்ற உயர்நிலைப் பள்ளிகளுக்கான விண்ணப்பத்தையும் தனியாகப் போட்டு வையுங்கள்.

2025-ல் தேர்வு கணினிக்கு மாறியது. அந்த ஆண்டு ஆங்கிலத்தில் 57, கணக்கில் 57 கேள்விகள்; இரண்டுக்கும் சேர்த்து 180 நிமிடம். ஆங்கிலப் பத்திகளில் மூழ்கிப்போய்க் கணக்குக்கு நேரமில்லாமல் திண்டாடும் பிள்ளைகள் ஏராளம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. எதையும் காலியாக விடக்கூடாது.

கேள்வி: டெக் நிச்சயம் கிடைக்கவேண்டும் என்றால் அதையே முதல் விருப்பமாகப் போடவேண்டுமா?

பதில்: பலரும் கோட்டை விடும் இடம் இது. அதிக மதிப்பெண்ணிலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொருவராக எடுத்து, அவரவர் விருப்பப் பட்டியலில் இடம் மிச்சமிருக்கும் முதல் பள்ளியைக் கொடுக்கிறார்கள். ஸ்டைவசண்ட் முதலிலும் டெக் இரண்டாவதாகவும் போட்ட பிள்ளைக்கு ஸ்டைவசண்ட் எட்டவில்லை என்றால், டெக்குக்கான வரிசையில் அவன் இடம் ஒரு அடிகூடப் பின்வாங்காது. ஆனால் டெக்கை முதலில் போட்டு, ஸ்டைவசண்டுக்குப் போதுமான மதிப்பெண் வாங்கினாலும் கிடைப்பது டெக்தான். எனவே மனதுக்குப் பிடித்த வரிசையிலேயே எழுதுங்கள், கணக்குப் போடாதீர்கள்.

கேள்வி: பள்ளியில் சேர்க்க எந்தக் காகிதங்கள் வேண்டும்?

பதில்: பிறப்புச் சான்றிதழ் அல்லது பாஸ்போர்ட், முகவரிக்கு இரண்டு ஆதாரங்கள், பழைய பள்ளியின் மதிப்பெண் பட்டியல், தடுப்பூசி அட்டை. சிக்கல் வருவது பெரும்பாலும் தடுப்பூசி அட்டையில்தான். சின்னம்மைத் தடுப்பூசி நம் அரசு அட்டவணையில் இல்லை, அங்கே கேட்பார்கள். ஊரிலேயே போட்டு, தேதியோடு டாக்டரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அம்மை வந்திருந்தால் எதிர்ப்புச்சக்திக்கான ரத்தப் பரிசோதனை முடிவு போதும்.

கேள்வி: ஐடிஐ-யில் வரைபடம் சொல்லித்தருகிறேன். அங்கே பள்ளிப் பிள்ளைகளே பொறியியல் வரைபடம் போடுவார்களாமே?

பதில்: ஆமாம், ஒன்பதாம் வகுப்பிலேயே வரைதலும் வடிவமைப்பும் உண்டு. உங்களுக்குச் சட்டென்று உறுத்துவது ஒன்று இருக்கும். நாம் முதல் கோண முறையில் மேல்தோற்றத்தை முன்தோற்றத்துக்குக் கீழே வரைவோம். அமெரிக்காவில் மூன்றாம் கோணம். மேல்தோற்றம் மேலேயே நிற்கும், வலப்பக்கத் தோற்றம் வலப்பக்கத்திலேயே. இங்கிருந்து போகும் பிள்ளை பழக்கத்தில் மாற்றிப் போட்டால், செய்துவரும் பொருளில் துளை எதிர்ப்பக்கம் போய்விடும்.

பத்தாம் வகுப்பில் சிறப்புத் துறையைத் தேர்ந்தெடுக்கவேண்டும். அடுத்த இரண்டு வருடமும் அதில்தான். கட்டடக்கலை, மென்பொருள், சட்டம் என்று நீளும் பட்டியல் இது. கல்லூரி வாசம் இங்கேயே அடிக்கும்! கேட்ட துறை கிடைப்பதில் மதிப்பெண்ணுக்கும் பங்குண்டு. அதனால் ஒன்பதாம் வகுப்பை விளையாட்டாக விட்டவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

கேள்வி: இத்தனை பேரை ஒரே கட்டடம் தாங்குமா?

பதில்: 1922-ல் தொடங்கிய பள்ளி, ஃபோர்ட் கிரீனில் இப்போதுள்ள 12 தளக் கட்டடத்துக்கு வந்தது 1930-களில். கலையரங்கமே ஏறக்குறைய 3,000 பேர் உட்காரும் அளவு. அப்படியும் மொத்த மாணவர்களில் பாதிப்பேருக்குத்தான் ஒரே நேரத்தில் நாற்காலி. பள்ளிப் பேருந்தை எதிர்பார்க்காதீர்கள், டீகால்ப் அவென்யூ சுரங்க ரயில் நிலையம் நடக்கும் தூரம். மாணவர்களுக்கான ஓம்னி என்ற பயண அட்டையில் நாளுக்கு நான்கு பயணம் இலவசம்.