எட்டு ஊர்களை மூன்றாகக் குறையுங்கள்

கேள்வி: வரும் மே மாத இரண்டாம் பாதியில் குடும்பத்தோடு ஐரோப்பா செல்ல இருக்கிறோம். நான், கணவர், 14 வயது மகன், 7 வயது மகள், 69 வயதான அத்தை (கணவரின் தாயார்) என ஐந்து பேர். கணவருக்கு 12 இரவுகள்தான் விடுப்பு. ஒரு சுற்றுலா நிறுவனம் பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், லூசெர்ன், வெனிஸ், பீசா, ரோம் என எட்டு ஊர்களை 10 இரவுகளில் காட்டுவதாகச் சொல்கிறது. "இவ்வளவு செலவழித்துப் போகும்போது எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும்" என்கிறார் கணவர். அத்தைக்கு மூட்டுவலி உண்டு, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், சுத்த சைவம். அவரை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டுப் போவதா? அழைத்துப் போனால் பனிமலை உச்சிக்குக் கூட்டிச் செல்லலாமா?
– வாசகி, கோவை

பதில்: அன்புள்ள சகோதரி,

அத்தையை அழைத்துச் செல்லுங்கள். பேக்கேஜை விட்டுவிடுங்கள். அந்தப் பேக்கேஜில் போவதென்றால் அத்தையை விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும். அத்தையோடு போவதென்றால் பயணமே வேறு மாதிரி அமைய வேண்டும். உங்கள் கடிதத்தில் எல்லோருடைய விருப்பமும் இருக்கிறது, அத்தையின் விருப்பம் மட்டும் இல்லை. இன்று இரவே அவரிடம் கேளுங்கள். "உங்களால் முடியுமா" என்று கேட்காதீர்கள். "எதைப் பார்க்க ஆசை" என்று கேளுங்கள்.

பேக்கேஜ் பயணங்களை நான் குறை சொல்ல வரவில்லை. விசா, சாப்பாடு, வழித்துணை என எல்லாப் பொறுப்பையும் இன்னொருவர் ஏற்பது பலருக்குப் பெரிய நிம்மதி. ஆனால் 10 இரவுகளில் எட்டு ஊர்கள் என்றால் அநேகமாகத் தினமும் பெட்டி கட்ட வேண்டும். கொலோனிலிருந்து லூசெர்ன் சாலை வழியாக ஏறக்குறைய 600 கிலோமீட்டர். அந்தப் பகல் பஸ்ஸிலேயே போய்விடும். ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓட்டலாம் என்பதற்கும் வரம்பு உண்டு என்பது ஐரோப்பியச் சட்டம். அதனால்தான் வழிகாட்டி "ஏழரைக்குப் பஸ் கிளம்பிவிடும்" என்று கண்டிப்பாகச் சொல்கிறார். பழைய நகரங்களின் உட்பகுதிக்குள் பெரிய பஸ்களை விடமாட்டார்கள். எங்கோ வெளியே நிறுத்தி, கல் பாவிய தெருக்களில் கூட்டத்தோடு கூட்டமாக நடக்க வேண்டும். மூட்டுவலிக்காரருக்கு அந்த நடையைவிட, நாற்பது பேர் தமக்காகக் காத்திருக்கிறார்களே என்ற கூச்சம்தான் அதிகமாக வலிக்கும்.

என் யோசனை இது. பாரிஸில் நான்கு இரவுகள், சுவிட்சர்லாந்தின் லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் ஐந்து, வெனிஸில் மூன்று. பாரிஸில் இறங்கி இத்தாலியிலிருந்து திரும்பும்படி விமான டிக்கெட் எடுங்கள். நடுவில் எல்லாம் ரயில். ரோம் இந்த முறை வேண்டாம். அதற்கு மட்டுமே நான்கு நாட்கள் தேவை, அரை நாளில் கொலோசியத்தின் வெளிச்சுவரைப் பார்த்துவிட்டு வருவதில் பயனில்லை. உங்கள் கணவருக்கு இது வருத்தமாக இருக்கும் என்று தெரியும். இந்தக் கணக்கை அவரிடம் சொல்லிப் பாருங்கள்: மே மாதக் கடைசியில் பாரிஸில் இரவு ஒன்பதரைக்கு மேல்தான் சூரியன் மறைகிறது. காலை ஒன்பதுக்குக் கிளம்பி, மதியம் அறைக்கு வந்து இரண்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும், மாலையில் இன்னும் நாலைந்து மணி நேரப் பகல் மிச்சமிருக்கும். ஓய்வெடுத்தபடியே நிறையப் பார்க்க முடிகிற பருவம் அது. அறை ஊருக்குள் இருந்தால்தான் இது நடக்கும்.

பாரிஸ் மெட்ரோவில் பெரும்பாலான நிலையங்களில் படிக்கட்டுதான். 14-ஆம் எண் பாதையில் மட்டும் எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் உண்டு. ஆகவே பஸ்ஸிலேயே போங்கள். ஏறி இறங்கச் சுலபம், வழியெல்லாம் ஊரும் தெரியும். லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அங்கே சக்கர நாற்காலியை இலவசமாகவே தருகிறார்கள். அத்தைக்காகக் கீமே அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆசியக் கலைகளுக்கான அந்த இடத்தில் சோழர் காலத்து நடராசர் செப்புத் திருமேனி இருக்கிறது. சாப்பாட்டுக்கு வட ரயில் நிலையத்தின் பின்புறமுள்ள லா ஷப்பல் பகுதிக்குப் போங்கள். ஈழத்தமிழர் கடைகளும் உணவகங்களும் நிறைந்த தெருக்கள், தோசை இட்லி எல்லாம் கிடைக்கும். மாணிக்க விநாயகர் ஆலயமும் அங்கேதான்.

இனி மலை. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். பேக்கேஜில் மலைக்கென்று ஒரு நாள் முன்பே குறித்திருப்பார்கள். ஆல்ப்ஸ் மலையில் அன்று மேகம் மூடினால் உச்சியில் நின்றாலும் வெள்ளைச் சுவர்தான் தெரியும். ஐந்து இரவுகள் ஒரே பள்ளத்தாக்கில் தங்கச் சொல்வதன் காரணம் இதுவே. காலையில் எழுந்ததும் உச்சியிலிருக்கும் நேரலைக் கேமராவைப் பாருங்கள். வானம் தெளிந்திருந்தால் அன்றே, முதல் சில ரயில்களிலேயே ஏறிவிடுங்கள், பிற்பகலில் மேகம் திரள்வது வழக்கம். மூடியிருந்தால் மறுநாள்.

யுங்ஃபிராவ்யோஃக் ரயில் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஐரோப்பாவின் மிக உயரமான ரயில் நிலையம் அது. 1896-இல் தொடங்கி, ஐகர், மோன்ஃக் மலைகளின் உள்ளே ஏழு கிலோமீட்டருக்கு மேல் பாறையைக் குடைந்து 1912-இல் திறந்தார்கள். மேலே நின்றால் ஆல்ப்ஸின் மிகப் பெரிய பனியாறான அலெட்ச் கண்ணெட்டும் தூரம்வரை நீண்டு கிடக்கும். மகனும் மகளும் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம். ஆனால் அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். மலையடிவாரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அங்கே போய்விடுவதால் உடம்பு பழகவும் நேரமில்லை. தலைசுற்றல், மூச்சு வாங்குதல், தலைவலி என்று இளைஞர்களுக்கே வருகிறது. ரத்த அழுத்தம் உள்ள 69 வயதுக்காரர் தம் மருத்துவரைக் கேட்காமல் அங்கே போகக்கூடாது. மருத்துவர் தயங்கினால் நீங்கள் வற்புறுத்தவும் கூடாது.

அதற்காக அத்தைக்கு மலையே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். வழியில் கிளைன ஷைடெக் என்றொரு நிலையம் இருக்கிறது. உயரம் 2,061 மீட்டர். ஊட்டி நகரமே 2,240 மீட்டர். ஊட்டிக்குப் போய் வருகிறவர் என்றால் இந்த உயரம் அவருக்குப் பழகியதுதான். ஐகர், மோன்ஃக், யுங்ஃபிராவ் மூன்றும் வரிசையாக எதிரே நிற்கும் காட்சி அங்கே கிடைக்கும். உச்சிக்கு ஏறியவர்களுக்கு அது கிடைக்காது, அவர்கள் அந்த மலைகளின் மீதே நிற்கிறார்களே! பிள்ளைகளோடு உங்கள் கணவர் மேலே போகட்டும். நீங்களும் அத்தையும் வெயிலில் உட்கார்ந்து சூடாக ஏதாவது குடித்தபடி மூன்று மலைகளையும் பார்த்துக்கொண்டிருங்கள். அத்தை தனியாக உட்கார வைக்கப்பட்டதாக உணரக்கூடாது. யாராவது ஒருவர் உடன் இருந்தே ஆக வேண்டும்.

லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கின் அடித்தளம் சமமானது, மூட்டுவலிக்காரரும் தெம்புக்கு ஏற்ப நடக்கலாம். ஷ்டவ்பாஃக் அருவி ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திலிருந்து ஊர் ஓரத்திலேயே விழுகிறது. மே மாதத்தில் பனி உருகுவதால் அருவிகளில் தண்ணீர் நிறைந்திருக்கும். அதே காரணத்தால் உயரமான நடைபாதைகள் சில இன்னும் பனிக்குள் இருக்கலாம், விசாரித்துவிட்டுப் போங்கள். கார்கள் இல்லாத ம்யூரன் கிராமத்துக்கு கேபிள் காரும் சின்ன ரயிலுமாக ஏறலாம். உங்கள் மகனிடம் ஒன்று சொல்லுங்கள்: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் ரயிலின் பற்சக்கரத் தண்டவாள முறை ரோமன் அப்ட் என்ற சுவிஸ் பொறியாளருடையது. அந்தப் பாதையின் பழைய நீராவி எஞ்சின்கள் பலவும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் தொழிற்சாலையில் செய்யப்பட்டவையே. நம் மலை ரயிலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அங்குள்ள தண்டவாளங்களின் நடுவே ஓடும் பற்களைக் கண்டதும் புரிந்துவிடும்.

மழை நாள் வந்தால் பெர்ன் நகருக்குப் போங்கள். 2014-இல் திறந்த 'சமயங்களின் இல்லம்' என்ற கட்டடத்தில் பள்ளிவாசல், தேவாலயம், பௌத்த நிலையத்தோடு ஈழத்தமிழர் நடத்தும் சிவன் கோயிலும் இருக்கிறது. அங்கே வழிபாடு தமிழில் நடக்கிறது.

சுவிஸ் டிராவல் பாஸ் வாங்கினால் ரயில், பஸ், படகு எல்லாம் அடங்கிவிடும். அதோடு இலவசமாகக் கிடைக்கும் குடும்ப அட்டையைக் கேட்டு வாங்குங்கள், பெற்றோருடன் வரும் 6 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு டிக்கெட் தேவையில்லை. கிளைன ஷைடெக்குக்கும் யுங்ஃபிராவ்யோஃக்குக்கும் ஏறும் மலை ரயிலுக்குத் தனிக் கட்டணம், பாஸ் இருந்தால் தள்ளுபடி உண்டு.

உணவகச் செலவு சுவிட்சர்லாந்தில் மிக அதிகம். சமையலறை உள்ள வீடாக எடுங்கள். பல வீடுகளில் இண்டக்‌ஷன் அடுப்புதான், அதில் அலுமினியக் குக்கர் சூடாகாது, எவர்சில்வர் குக்கர் கொண்டு போங்கள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துச் செல்லலாம். நெய், பால்கோவா போன்ற பால் பொருட்களுக்கு அனுமதி இல்லை. கறிவேப்பிலையையும் பெரும்பாலான பழங்களையும் சான்றிதழ் இல்லாமல் விடமாட்டார்கள்.

வெனிஸுக்கு மிலான் வழியாக ரயில். 1906-இல் திறந்த சிம்ப்ளான் சுரங்கத்தின் இருபது கிலோமீட்டரையும் அதில் கடப்பீர்கள். வெனிஸில் 400-க்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலும் படிகள். படகுத்துறையிலிருந்து பாலம் எதுவும் ஏறாமல் சேரக்கூடிய விடுதியைத் தேடுங்கள், விலை சற்றுக் கூடுதலானாலும் பரவாயில்லை. 1-ஆம் எண் படகு பெருங்கால்வாயை முழுக்க வலம் வருகிறது. முன்பக்க இருக்கை கிடைத்தால் அத்தைக்கு அதுவே ஊர்சுற்றல்.

சுவிட்சர்லாந்தில் அதிக நாட்கள் தங்குவதால் இந்த மூன்று நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடை விடுமுறை நெருங்கினால் நேர ஒதுக்கீடு கிடைப்பது சிரமம், ஜனவரியிலேயே முடித்துவிடுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, உங்கள் மகளுக்கு 45. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். அத்தையின் ரத்த அழுத்தத்தை மறைக்காமல் எழுதி, அதற்கும் காப்பு உண்டா என்று உறுதி செய்யுங்கள். மாத்திரைகளை மருத்துவரின் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். விமானத்துக்கு 48 மணி நேரம் முன்னதாகச் சக்கர நாற்காலி வேண்டுமென்று பதிவு செய்தால் கட்டணமின்றித் தருவார்கள். "எனக்கு எதற்கு அதெல்லாம்" என்று அத்தை மறுத்தாலும் பதிவு செய்துவிடுங்கள். விமானம் மாறும் பெரிய நிலையங்களில் ஒரு வாயிலிலிருந்து இன்னொன்றுக்கு நடை மிக நீளம்.