வினையூக்கியும் வித்திட்டவரும்

கேள்வி: சமூக மாற்றத்துக்குக் காரணமானவர்களை "மாற்றத்தின் வினையூக்கி" என்று மேடைகளில் புகழ்கிறார்கள். வேதியியல் சொல்லை மனிதர்களுக்கு இப்படி வழங்கலாமா?
– வாசகி ஒருவர், தஞ்சாவூர்

பதில்: வழங்கலாம்; ஆனால் யாரைச் சொல்கிறோம் என்பதைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பழைய பாடநூல்களில் "கிரியா ஊக்கி" என்றிருந்ததே இன்று "வினையூக்கி" என வழங்குகிறது. பூச்சிக்கொல்லி, ஒலிபெருக்கி, மின்மாற்றி ஆகியவற்றைப் போல இதிலும் இகர விகுதி செயலைச் செய்யும் பொருளைக் குறிக்கிறது. வினையும் ஊக்குதலும் தமிழில் முன்பே சேர்ந்து வந்தவைதாம். "ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடை யார்" என்பது 463ஆம் குறள்; வரப்போகும் ஆக்கத்தை எண்ணிக் கைமுதலை இழக்கும் செயலை அறிவுடையார் மேற்கொள்ளார் என்பது பொருள். அங்கே ஊக்குதல் என்பது முனைந்து மேற்கொள்ளுதல். பிறரையோ பிறிதொன்றையோ தூண்டுதல் என்னும் இன்றைய பொருள் அங்கே இல்லை. எனினும் வேதியியலின் வினையூக்கியும் தன் கைமுதலை இழப்பதில்லை என்பது சுவையான பொருத்தம்.

நைட்ரஜனும் ஹைட்ரஜனும் கூடி அம்மோனியா உருவாகும் வினையை இரும்பு வினையூக்கியாக நின்று விரைவுபடுத்துகிறது. வினையில் பங்கேற்றும் அது செலவாகிவிடுவதில்லை. இயற்கையில் இயலாத வினையை எந்த வினையூக்கியாலும் நிகழ்த்த முடியாது; இயலக்கூடியதற்கு எளிய வழியொன்றைத் திறந்துவிடுவதே அதன் வேலை. ஆகவே, ஊரே விரும்பியும் நகராமல் கிடந்த ஒரு செயலை இடையில் வந்து விரைவுபடுத்தியவரை வினையூக்கி எனலாம். தேவதாசி முறைக்கு எதிராகச் சென்னைச் சட்டமன்றத்தில் குரல் எழுப்பி, 1947ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை சளைக்காமல் போராடிய முத்துலட்சுமி ரெட்டியை அச்சொல்லால் குறிப்பது, என் கருத்தில், அவரைக் குறைத்துச் சொல்வதாகும். அவர் அம்மாற்றத்துக்கு வித்திட்டவர்களுள் ஒருவர். ஒரு போராட்டத்தில் உயிரையே கொடுத்தவருக்கோ இச்சொல் சிறிதும் பொருந்தாது.

"மாற்றத்தின் முகவர்" என்றும் சிலர் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த இத்தொடரைப் படித்தால் எனக்குக் காப்பீட்டு முகவரும் வாக்குச்சாவடி முகவருமே நினைவுக்கு வருகிறார்கள். "மாற்றத்தைக் கொண்டுவந்தவர்" என்று எழுதினால் எவருக்கும் விளங்கும்.